அண்ணாமலை நகர் அக்கா மெஸ்: ஸ்ட்ரைக் நேரத்துல பசங்களுக்கு சோறு போட்ட கடை

நான் மருந்து கம்பெனி ரெப். கடலூர், விருத்தாசலம், சிதம்பரம், சீர்காழி, மயிலாடுதுறை இதான் என் ஏரியா. வீட்டு சாப்பாடுங்கறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான், மத்த நாளெல்லாம் மெஸ், ஓட்டல், டீக்கடைனுதான் ஓடுது, அதனால இந்த பெல்ட்ல எந்தக் கடையில சாம்பார் நல்லாருக்கும் எந்தக் கடையில எண்ணெய் மோசம்னு ஓரளவு சொல்ல முடியும். சிதம்பரத்துல எங்க சாப்பிடலாம்னு நெறைய பேரு கேக்குறாங்க, கேக்குறவங்களுக்கு எல்லாம் கோயிலைச் சுத்தி இருக்குற நாலு வீதி ஓட்டல் பேருதான் கெடைக்குது. ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டி கிழக்கால அண்ணாமலை யூனிவர்சிட்டி பக்கம் இருக்குற மெஸ்ஸுங்களைப் பத்தி யாரும் எழுதுறதில்ல. அதுல ஒண்ணைப் பத்திதான் இது.

கடைக்கு போர்டு கிடையாது. எல்லாரும் அக்கா மெஸ்னுதான் சொல்லுவாங்க. அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் நடத்துறாங்க, வீட்டோட முன்பக்கம்தான் கடை, மேல தகர ஷீட்டு, உள்ள ஆறு டேபிள், வெளிய வேப்பமரத்தடியில ரெண்டு பெஞ்சு. யூனிவர்சிட்டி போற மெயின் ரோட்டுலேர்ந்து சந்துக்குள்ள திரும்பணும், வழி தெரியலைன்னா கழுத்துல ஸ்டெத் மாட்டிக்கிட்டு நடக்குற எந்தப் புள்ளையைக் கேட்டாலும் காட்டிடும்.

காலையில இட்லி, பொங்கல், பூரி. பூரியை விடுங்க, சுமார்தான். இட்லிக்கு கொத்சு குடுக்குறாங்க பாருங்க, அதுக்காகவே சிதம்பரத்துல டாக்டருங்களைப் பாக்குற வேலையை நான் காலையில வச்சுக்குவேன். சிதம்பரம் கொத்சுன்னு பேரை வச்சுக்கிட்டு சென்னையில பல எடத்துல தக்காளியையும் பருப்பையும் போட்டு கத்திரிக்கா சாம்பார் மாதிரி ஒண்ணை ஊத்துறாங்க, அது கொத்சே இல்ல. இங்க கத்திரிக்காயை நல்லெண்ணெயில நல்லா வதக்கி மசிச்சு, புளி கரைச்சு ஊத்தி, மல்லியும் மொளகாயும் வறுத்து அரைச்ச பொடியைப் போட்டு, எண்ணெய் பிரிஞ்சு மேல நிக்கிற வரைக்கும் சுண்ட வைக்கிறாங்க. கோயில்ல சம்பா சாதத்துக்குத் தொட்டுக்கக் குடுக்குறதும் இந்த வகைதான். ரெண்டாவது தடவை கேட்டா மூஞ்சி சுளிக்காம ஊத்துவாங்க, ஆனா எட்டரை மணிக்கு மேல போனா பாத்திரம் காலி.

மதியம் சாப்பாடு 80 ரூபா. சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர், ஒரு பொரியல், ஒரு கூட்டு, அப்பளம். சாதம் எவ்வளவு வேணும்னாலும் கேட்டு வாங்கலாம். மீன்கொழம்பு தனியா, அன்னைக்கு என்ன மீன் வந்துதோ அதுக்குத் தக்க ரேட்டு. கிள்ளையும் முடசலோடையும் பரங்கிப்பேட்டையும் கூப்பிடுற தூரத்துல இருக்கறதால மீன் பிரச்சனையே இல்ல, சங்கராவோ கிழங்கானோ கெடைச்சா அன்னைக்கு யோகம், நெத்திலி வந்துச்சுன்னா கொழம்பும் வப்பாங்க வறுக்கவும் வறுப்பாங்க. ஏப்ரல் 15லேர்ந்து ரெண்டு மாசம் தடைக்காலம்ங்கறதால அப்ப பெரிய மீன் வராது, அந்த நேரத்துல போனீங்கன்னா கருவாட்டுக் கொழம்பு கேளுங்க, மொச்சையும் கத்திரிக்காயும் போட்டு வப்பாங்க, என்னைக் கேட்டா மீன்கொழம்பைவிட அதுக்குதான் நான் அதிகமா மார்க் போடுவேன். ரசத்துல மொளகு தூக்கலா இருக்கும். சாம்பார் மட்டும் மாசக் கடைசியில கொஞ்சம் தண்ணியா போயிடும், அக்காகிட்டயே சொல்லியிருக்கேன், பருப்பு வெலையைப் பாருங்க தம்பின்னு சொல்லிட்டாங்க.

அந்த வெலை விஷயத்துக்கு வரேன். கல்லாப்பெட்டிக்கு மேல ஒரு செலேட்டு தொங்கும். ரேட்டு ஏத்துனா அதுல என்னைக்குலேர்ந்து ஏறுது, எதனால ஏறுதுன்னு சாக்பீஸால எழுதி வச்சிடுவாங்க, சிலிண்டர் வெலை, அரிசி மூட்டை வெலை, எல்லாம் பழசு இவ்வளவு புதுசு இவ்வளவுன்னு. ஏத்துறதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடியே எழுதிடுவாங்க, மாசக் கணக்குல சாப்பிடுற பசங்களுக்கு அந்த மாசம் முடியற வரைக்கும் பழைய ரேட்டுதான். அஞ்சு ரூபா ஏத்துறதுக்கு இவ்வளவு எதுக்குக்கானு ஒருநாள் கேட்டேன், அவங்களுக்குக் கேள்வியே புரியல. பசங்க வீட்டுலேர்ந்து எண்ணிதானே அனுப்புறாங்க தம்பி, திடீர்னு ஏத்துனா அது எங்க போவும்னாங்க.

இந்தக் கடையை நான் எதுக்கு இவ்வளவு தூக்கிப் பேசுறேன்னு புரியணும்னா 2020 டிசம்பர்லேர்ந்து 2021 பிப்ரவரி வரைக்கும் அங்க நடந்ததைச் சொல்லியாகணும். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி பசங்க, பல் மருத்துவக் கல்லூரி பசங்க எல்லாம் ஃபீஸைக் குறைக்கச் சொல்லி ஒக்காந்தாங்க. வெளியூர்க்காரங்க நெறைய பேருக்கு அது ஞாபகமே இல்ல, டிவியில அப்பப்ப ரெண்டு நிமிஷம் காட்டுனதோட சரி.

விஷயம் இதுதான். அண்ணாமலை யூனிவர்சிட்டி பணச் சிக்கல்ல மாட்டுனப்ப 2013ல தமிழ்நாடு அரசு அதை எடுத்துக்கிச்சு, அதுக்குன்னு தனிச் சட்டமே போட்டாங்க. சரி, அரசு எடுத்துக்கிச்சு, இனிமே அரசு ஃபீஸ்தான் வரும்னு எல்லாரும் நெனைச்சாங்க. வரல. மருத்துவக் கல்லூரி உயர்கல்வித் துறைக்குக் கீழயே யூனிவர்சிட்டியோட சேர்ந்து இருந்துச்சு, ஃபீஸும் தனியார் காலத்துக் கணக்குலயே ஓடுச்சு. எம்பிபிஎஸ்ஸுக்கு வருஷத்துக்கு அஞ்சே கால் லட்சத்துக்கும் மேல, பிடிஎஸ்ஸுக்கு மூணு லட்சத்துக்கு மேல, எம்டி எம்எஸ் படிக்கிற பிஜிங்களுக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல. அதே நேரத்துல தஞ்சாவூர், விழுப்புரம், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிங்கள்ல எம்பிபிஎஸ் ஃபீஸ் பதிமூணாயிரத்துச் சொச்சம். நாப்பது மடங்கு கிட்ட வருது. கவுன்சிலிங் அதேதான், நீட்டும் அதேதான், ரெண்டு கல்லூரியையும் நடத்துறது ஒரே அரசு. ரேங்க்ல கொஞ்சம் முன்ன பின்ன இருந்த ஒரே காரணத்துக்காக ஒரு புள்ளை தஞ்சாவூருக்குப் போயி பதிமூணாயிரம் கட்டுது, இன்னொண்ணு சிதம்பரத்துக்கு வந்து அஞ்சு லட்சம் கட்டுது. தனியார் கல்லூரியில அரசு ஒதுக்கீட்டு சீட்டுக்கு வாங்குறதைவிட இது அதிகம்னு பசங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அந்தக் கணக்கும் சரிதான்.

நான் டாக்டர்களைப் பாத்தே பொழைக்கிறவன், அதனால இந்தக் கணக்கோட மறுபக்கமும் தெரியும். ஒரு எம்பிபிஎஸ் பையன் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஃபீஸ் மட்டும் 20 லட்சத்தைத் தாண்டும், பிஜிக்கு மூணு வருஷத்துல 25 லட்சத்தைத் தாண்டும். பேங்க்ல கல்விக் கடன் 7.5 லட்சத்துக்கு மேல போச்சுன்னா சொத்து அடமானம் கேப்பாங்க. நெலம் இருக்கறவன் நெலத்தை வப்பான், இல்லாதவன் என்ன வப்பான்? பிடிஎஸ் பசங்க நெலைமை இன்னும் மோசம். அவங்களைப் பத்தி யாரும் பேசுறதே இல்ல. நான் போற கிளினிக்குங்கள்ல பிடிஎஸ் முடிச்ச புள்ளைங்க மாசம் பதினஞ்சாயிரத்துக்கு அசிஸ்டெண்டா நிக்கிறதை நேர்ல பாத்துக்கிட்டிருக்கேன். பன்னெண்டு லட்சத்துக்கு மேல ஃபீஸ் கட்டிப் படிச்சிட்டு அந்தச் சம்பளத்துல வட்டிகூட கட்ட முடியாது. கடன் கட்டுறதுக்காகவே ஒரு டாக்டர் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும்னும் இந்த வேலையில இருக்கற எனக்குத் தெரியும், அது கடைசியில பேஷண்ட் தலையிலதான் விடியும். அதனால இது பசங்களோட ஃபீஸ் பிரச்சனை மட்டும்னு நான் எப்பவுமே நெனைச்சதில்ல. கடலூர் மாவட்டத்துல வேற அரசு மருத்துவக் கல்லூரியும் கிடையாது, பெரிய வைத்தியம்னா சுத்துப்பட்டு ஊரு ஜனம் பூரா இங்கதான் வரும்.

டிசம்பர் 9ஆம் தேதி ஆரம்பிச்சாங்க. அதுக்குச் சில நாளுக்கு முன்னாடிதான் புரெவி புயல் மழை, ஊரே தண்ணி, நடராஜர் கோயிலுக்குள்ளயே தண்ணி நின்னுச்சு. அந்த ஈரம் காயறதுக்கு முன்னாடி பசங்க வந்து ஒக்காந்துட்டாங்க. கொரோனா வேற. அதே ஆஸ்பத்திரியிலதான் மாவட்டத்துக் கொரோனா பேஷண்ட்டுங்களைப் பாத்தாங்க, பாத்தது இதே பசங்கதான். வார்டுல பிபிஇ கிட்டு போட்டுக்கிட்டு வேர்த்து ஒழுகி நின்னவன் டூட்டி முடிஞ்சதும் வந்து பந்தல்ல ஒக்காருவான். ஸ்ட்ரைக்குன்னா வேலையைப் போட்டுட்டுப் போறதுன்னு நெனைக்கிறவங்க அவங்களைப் பாத்திருக்கணும்.

அந்தப் பசங்க சாப்பிட்டது இந்த மெஸ் மாதிரி நாலஞ்சு எடத்துலதான். எல்லாக் கடையைப் பத்தியும் எனக்குத் தெரியாது, அக்கா மெஸ்ஸை நேர்ல பாத்தேன், அதனால அதை மட்டும் சொல்றேன். முதல் வாரத்துலயே அக்கா ஒரு நோட்டுப் போட்டாங்க. நாப்பது பக்கம் கோடு போட்ட சாதா நோட்டு, பேரு, தேதி, என்ன சாப்பிட்டான், அவ்வளவுதான். தொகை எழுதல. கேட்டதுக்கு, தொகை எழுதுனா பையன் அதைப் பாத்துட்டு அடுத்த வேளை வரமாட்டான், நான் அப்புறம் கூட்டிக்குவேன்னாங்க. இவ்வளவு வருஷம் பிசினஸ்லயே சுத்துறவன் நானு, ஆளோட மனசு தெரிஞ்சு கணக்கு எழுதுற ஒரு ஆளை அன்னைக்குதான் பாத்தேன்.

மதியானத்துல பந்தலுக்குப் பொட்டலம் போகும். லெமன் சாதம், புளி சாதம், தயிர் சாதம், மாத்தி மாத்தி. வாடகைக்கு ஒரு அண்டா எடுத்துட்டு வந்து அண்ணன் வேப்பமரத்தடியில செங்கல் அடுப்பு போட்டாரு. பொட்டலம் கட்ட பசங்களே வந்து ஒக்காந்துக்குவாங்க, சர்ஜரி பிஜி ஒருத்தர் தையல் போடுற வேகத்துல நூலைச் சுத்தி முடிச்சு போடுவாரு, அவரு கட்டுனா பொட்டலம் பிரியவே பிரியாது. சந்துக்காரங்க யாராவது கத்திரிக்கா குடுப்பாங்க, யாராவது ஒரு சிப்பம் அரிசி எறக்கிட்டுப் போவாங்க. ஜனவரியிலயும் மழை விடல, டெல்டா பூரா அறுப்புக்கு நின்ன சம்பா நெல்லு தண்ணியில கெடந்துச்சு. தன் வயலே மூழ்கிக் கெடக்குறப்பவும் ஒரு பெரியவர் தேங்கா மூட்டை கொண்டாந்து போட்டதைப் பாத்தேன். ஆஸ்பத்திரியில அவரு சம்சாரத்தை நல்லா பாத்தாங்களாம், அதைத் தவிர வேற ஒண்ணும் சொல்லல.

ஜனவரி மூணாவது வாரத்துலதான் இறுக்கம் ஜாஸ்தியாச்சு. காலவரையில்லாம மூடுறோம், ஹாஸ்டலைக் காலி பண்ணுங்கன்னு அறிவிப்பு வந்துச்சு. சாப்பாடு, தண்ணி, கரெண்ட் எல்லாம் நிறுத்திட்டாங்கன்னு பசங்க சொன்னாங்க, அது பேப்பர்லயும் வந்துச்சு. பசங்க காலி பண்ணல. அந்த நாள்ல மெஸ்ஸுக்குள்ள போனா டேபிளுக்கு டேபிள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸு, அதுல கொத்துக் கொத்தா போன் சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கும். பின்பக்கத்துல இருந்த பாத்ரூமைப் பொண்ணுங்களுக்குன்னு விட்டுட்டாங்க. லேடீஸ் ஹாஸ்டல் புள்ளைங்க துண்டும் பக்கெட்டுமா வரிசையில நின்னதைப் பாத்தப்ப எனக்குத் தொண்டை அடைச்சுது, நாளைக்கு பிரசவம் பாக்கப் போற புள்ளைங்க அதுங்க. கரெண்ட் பில்லு, தண்ணி லாரி எல்லாம் அக்கா கைக்காசு. வெளிய பெஞ்சுல ஒக்காந்திருந்த ஒரு அப்பா, அரியலூர் பக்கம், பொண்ணு ரெண்டாவது வருஷம், நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன், இதுங்க இருக்கற உறுதியைப் பாத்துட்டு நானும் ஒக்காந்துட்டேன்னாரு. அக்கா அவருகிட்ட கேட்டாங்க, கவர்மெண்டு காலேஜுனு சொல்லிட்டு பிரைவேட்டு காசு வாங்குறாங்களே, இது எந்தக் கணக்குங்க? பெரிய பெரிய கட்சிக்காரங்க பந்தல்ல வந்து மைக்ல பேசுனதையும் கேட்டேன், இதைவிடச் சரியா யாரும் கேக்கல.

அந்த ஊருக்கு மாணவர் போராட்டம் புதுசும் இல்ல. 1965 ஜனவரி 27ல இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல போலீஸ் சுட்டு ராஜேந்திரன்ங்கற அண்ணாமலை யூனிவர்சிட்டி மாணவர் செத்துப்போனாரு. அவரோட நினைவு நாளும் இந்தப் போராட்டத்துக்கு நடுவுலதான் வந்துச்சு. அன்னைக்கு கடையில டீ குடிச்சிக்கிட்டிருந்த வயசானவங்க ரெண்டு பேரு அதைப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தாங்க.

அதை ஒட்டியே, ஜனவரி கடைசியில, அரசாணை வந்துச்சு. மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி, நர்சிங் கல்லூரி மூணையும் உயர்கல்வித் துறையிலேர்ந்து சுகாதாரத் துறைக்கு மாத்தி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரின்னு ஆக்குனாங்க. கடையில ஒரே சத்தம், ஆனா பசங்க எந்திரிக்கல. ஃபீஸ் எவ்வளவுன்னு அதுல இல்லையே, 2013லயும் இப்படித்தானே எடுத்துக்கிட்டோம்னு சொன்னீங்கன்னு கேட்டாங்க. அந்த நிதானத்தைத்தான் நான் ரொம்ப மதிக்கிறேன். பிப்ரவரி ஆரம்பத்துல ஃபீஸுக்குத் தனியா ஆணை வந்துச்சு, எம்பிபிஎஸ் 13,610, பிடிஎஸ் 11,610, பிஜிக்கு 30,000. அப்புறம்தான் பந்தலைப் பிரிச்சாங்க. அம்பது நாளைத் தாண்டி நடந்த போராட்டம், ஒரு பஸ் கண்ணாடி ஒடையல.

நோட்டுக் கணக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வருஷம் கழிச்சு அக்காகிட்ட கேட்டேன். பெரும்பாலும் வந்துடுச்சுன்னாங்க. ஹவுஸ் சர்ஜன் முடிச்சுட்டுப் போனவங்க சிலபேரு முதல் சம்பளத்துல ஜிபே பண்ணியிருக்காங்க, சாப்பிட்டதுக்கு மேலயே போட்டவங்களும் உண்டாம், அதிகமா வந்ததை அக்கா திருப்பி அனுப்பிட்டாங்க. வராதது கொஞ்சம் இருக்கு, அதை யாருகிட்டயும் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. எல்லாத்தையும் சும்மா போட்டிருந்தா பெருமையாப் பேசலாம்தான், ஆனா நான் இதைத்தான் பெருசா சொல்லுவேன். தானமாப் போட்டா பையன் கூச்சப்படுவான், கடனாப் போட்டா நெஞ்சை நிமித்தி வந்து சாப்பிடுவான், கடையும் மூடாது. போராட்டம்னா மேடை, மைக், கோஷம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது. மூணு வேளை சோறு, ஒரு வாளி தண்ணி, போனுக்கு சார்ஜ் இதெல்லாம் இல்லாம ரெண்டாவது வாரமே எந்தப் போராட்டமும் படுத்துடும். அதை ஏத்துக்கிட்டு நின்ன கடைக்கு அஞ்சு ஸ்டாருக்கு மேல குடுக்க எடமில்லாததாலதான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கு.

சரி, சாப்பாட்டுக்கு வரேன், குறையும் சொல்லணும்ல. ராத்திரி சப்பாத்தி வேண்டாம், ஆறுனா செருப்புத் தோல் மாதிரி ஆயிடும். அதுக்கு பதில் முட்டை தோசை வாங்குங்க, அண்ணன் கைக்கு அது நல்லா வருது, வெங்காயத்தைப் பொடியா நறுக்கி மொளகுத்தூள் போட்டு குடுப்பாரு, கூட நேத்தைய மீன்கொழம்பு இருந்தா கேட்டு வாங்குங்க, பழசுதான் ருசி. கை கழுவ ஒரே பைப்புதான் இருக்கு, ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி ஓபி முடிஞ்சு பசங்க மொத்தமா எறங்குனா அந்தப் பைப்புக்கிட்டயே கால் மணி நேரம் போயிடும். அக்கா, இன்னொரு பைப்பு போடுங்கக்கா, ரொம்ப நாளா சொல்றேன். மழை பெய்ஞ்சா தகரத்துச் சத்தத்துல பக்கத்துல பேசுறதே கேக்காது. கார் சந்துக்குள்ள வராது, மெயின் ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து வாங்க. ஃபேமிலியோட வர்றவங்க மதியம் ரெண்டு மணிக்கு மேல வந்தா கூட்டம் கொறைஞ்சிருக்கும், ஆனா மீன் இருக்கும்னு உறுதி இல்ல, காலையிலயே போன்ல சொல்லிட்டா எடுத்து வப்பாங்க.

பார்சல் வாங்குறவங்க டப்பா எடுத்துட்டுப் போங்க, பிளாஸ்டிக் கவர்ல சூடா ஊத்துறதை அக்கா விட்டுட்டாங்க, இலையிலதான் கட்டுறாங்க, கொழம்புக்கு டப்பா வேணும். காலையில ஏழு மணிக்குத் தொறப்பாங்க, ராத்திரி பத்து வரைக்கும் இருக்கும், எக்ஸாம் நேரத்துல பதினொண்ணு ஆனாலும் அடுப்பு எரியும். ஞாயித்துக்கிழமை ராத்திரி லீவு.